கோர்ஸ் மீன்

இங்கிலாந்தின் நதிகளில் சால்மன், டிரவுட் ஆகியவற்றை நீக்கி, ரோச், சப், டேஸ், பைக் முதலிய ஏனைய நன்னீர் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்குக் ‘கோர்ஸ் பிஷிங்’ என்று பெயர். ‘கோர்ஸ்’ என்பதற்கு முரடு, சொரசொரப்பு என்பனவே இன்று பிரசித்தமான அர்த்தங்களாகையால், இம்மீன்கள் ஏதோ இழிந்த இனத்தவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் அச்சொல், போக்கு, வழக்கம் என்ற பொருளுடைய மற்றொரு ‘கோர்ஸி’லிருந்து கிளைத்து, ஆதியில் ‘சாதாரணமானது’ என்பதையே குறித்து, பின்னரே நயமின்மையைச் சுட்டலாயிற்று என்பது அகராதிக்காரர் கொள்கை.

அந்தப் பழைய பொருளே இம்மீன்களுக்கு நியாயம் செய்வது என்பது என் அபிப்பிராயம். 1653-இல் வெளிவந்த தம் தூண்டில் நூலில் ஐசக் வால்டன் சப் மீனுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அதைச் சமைக்கும் விதத்தையும் சிரத்தையுடன் விவரித்திருக்கிறார். மார்கழிக் குளிரில், உறைபனி கரையோரப் புல்லை வெளுக்கச் செய்ய, நீர் தண்மையடைந்து மற்ற மீன்கள் ஆழ்ந்த மந்தமான மடுக்களில் ஒடுங்கிக் கிடக்கையிலும், நீரோட்டத்தோடு மிதப்புக்கட்டையை மெல்ல மிதக்கவிட்டு, ரொட்டித் துணுக்கை இரையாக்கிப் பொறுமையுடன் நிற்பவனுக்கு அகப்படுவது பெரும்பாலும் அந்தச் சப் மீனே.

கிரேலிங் என்பது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அது வசந்தத்தில் முட்டையிடுவதால், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நதிகளில் அமலிலுள்ள தடைக்காலத்தைப் பொறுத்தவரை, ‘கோர்ஸ்’ மீன்களோடேயே சேர்த்து எண்ணப்படுகிறது.