512 பைட்டும் ஒரு பேட்ச் கோப்பும்

படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. இவனுக்கெதற்கு கணினிச் சரித்திரம் என்று கேட்பீர்கள். ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் ஒருநாள் கணினி படுத்துக்கொண்டால் ஓடி வர மச்சான் பக்கத்தில் இல்லை. நாமேதான் நோண்டிக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படி நோண்டியதில் கிடைத்த கதை இது.

1981ல் வந்த ஐபிஎம் பிசி, பொத்தானை அழுத்தியதும் ஃபிளாப்பியின் முதல் 512 பைட்டைப் படிக்கும். இயங்குதளத்தை எழுப்பும் வேலை அந்தத் துளி நிரலுக்கு. 1983ல் டாஸ் 2.0 வன்தட்டைக் கொண்டுவந்தபோது முதல் 512 பைட்டிலும் பங்கு பிரித்தார்கள்: 446 நிரலுக்கு, 64 பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 முத்திரைக்கு. முத்திரை இல்லாத காசோலை மாதிரிதான், அது இல்லாவிட்டால் பல கணினிகள் அந்த வட்டைச் சீண்டாது.

இந்த இடம் எந்தக் கோப்பிலும் சேராது. காப்பி-பேஸ்ட் செய்தால் அங்கே போகாது. எழுதுவதற்கென்றே தனி நிரல் வேண்டும். டாஸில் 'சிஸ்' கட்டளை இருந்தது. லினக்ஸுக்கு, பீட்டர் ஆன்வின் 1994ல் சிஸ்லினக்ஸைத் தொடங்கினார்.

2000ல் யுஎஸ்பி பென்டிரைவ் கடைக்கு வந்தது. பிறகு ஸ்லாக்ஸ் போன்ற குட்டி லினக்ஸ்கள் அதில் ஏறின. ஸ்லாக்ஸோடு பூட்இன்ஸ்ட் என்று ஒரு பேட்ச் கோப்பும் வரும். கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு, அதை இருமுறை சொடுக்கினால் போதும். உள்ளே இருப்பது சில வரிகள்தான். தான் எந்த டிரைவில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும், பயனரை எச்சரித்து ஒரு விசைக்காகக் காத்திருக்கும், பிறகு சிஸ்லினக்ஸைக் கூப்பிடும். அந்தக் கட்டளையில் 'எம்' என்ற எழுத்து, வட்டின் முதல் 512 பைட்டில் நிரலை எழுதச் சொல்கிறது. 'ஏ', அந்தப் பார்ட்டிஷனை உயிர்ப்பிக்கச் சொல்கிறது.

ஆபத்தும் அங்கேதான். ஒருவர் கோப்புகளைப் பென்டிரைவுக்குப் பதில் வன்தட்டின் டி டிரைவில் பிரித்துவைத்துச் சொடுக்கினார் என்று வையுங்கள். பேட்ச் கோப்புக்கு டி-யும் ஒரு டிரைவ்தான். அது எஃப்.ஏ.டி. வகையாக இருந்தால் வேலையைச் சமர்த்தாகச் செய்துவிடும். மறுநாள் விண்டோஸ் எழாது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படமெல்லாம் உள்ளே பத்திரமாகவே இருக்கும். ஆனால் அது தெரியாத வீட்டில் பதறிப்போய் ஃபார்மட் அடித்துவிடுவார்கள். உண்மையான இழப்பு அப்போதுதான் நடக்கும்.

அதனால்தான் விண்டோஸ் இருக்கும் வட்டா என்று சோதித்து, ஆமென்றால் விலகும் வரிகளைச் சேர்த்தார்கள். வங்கியில் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்காமல் பணம் நகராது. அதே பாடம்தான். தானியங்கி என்றால் கை வேலை குறையும், சரிபார்ப்பு குறையக் கூடாது.

2005ல் தொடங்கிய யுஇஎஃப்ஐ அமைப்பு வழியையே மாற்றியது. இன்றைய கணினிகள் பென்டிரைவில் குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடி எழுகின்றன. அந்த 512 பைட் வித்தை பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் ரூஃபஸ் போன்ற மென்பொருளில் தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்தால் இன்றும் அதிலுள்ளதெல்லாம் போய்விடும். டிரைவின் பெயரையும் கொள்ளளவையும் இரண்டு முறை பாருங்கள். பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தால் அவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது கையெழுத்து எப்போதும் நல்லது.