ஒரு முகவரியும் பல பொறிகளும்

வெள்ளவத்தையிற் காலி வீதியை அடுத்து எழுந்துள்ள தொடர்மாடி இல்லமொன்றிற் கணினியும் கைத்தொலைபேசிகளும் பலவாயினும், புறவுலகுக்கு அவை பெரும்பாலும் ஒரே இணைய முகவரியாகவே தோன்றும். இந்நிலை தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இணைய நெறி, முகவரிக்கு 32 இருமக் குறிகளை அளித்தது. அவற்றால் அமைவன ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே. அந்நெறியில் எப்பொறியும் எப்பொறியையும் அழைக்கலாம். அவையெல்லாம் ஒத்த தகுதியின. பொறிகள் பெருகவே முகவரிப் பஞ்சம் அஞ்சப்பட்டது. 1994 மே மாதத்திற் கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்னும் இருவர் முகவரி மாற்றும் முறையை வெளியிட்டனர். நிலையான தீர்வு கிட்டுங்காறும் குறுங்காலத்துக்கு உதவுவதென்றே அதனை அவர்கள் கூறினர்.

இம்முறையில் இல்லத்துப் பொறிகள் 192.168 எனத் தொடங்குவன போன்ற உள் முகவரிகளைப் பெறும். செய்தி வெளிச் செல்லுங்கால் ரவுட்டர் உள் முகவரியை நீக்கித் தன் முகவரியை இட்டு, 'போர்ட்' எனப்படும் துறை எண்ணையும் ஏட்டிற் பதிந்துகொள்ளும். மறுமொழி வரின் ஏட்டை நோக்கி உரிய பொறிக்கு அனுப்பும். ஆயின் வெளியார் தாமாக விடுக்கும் அழைப்புக்கு ஏட்டில் இடமின்மையால் அது வாயிலிலேயே ஒழியும். இவ்வாறு இல்லத்துப் பொறி அழைக்க வல்லதாயும் அழைக்கப்பட முடியாததாயும் ஆயிற்று.

இக்குறையை நீக்க வந்ததே துறை திறத்தல். உள்ளே ஒரு பொறிக்கு 192.168.1.20 என மாறாத முகவரி அளித்து, 443ஆம் துறைக்கு வருவனவற்றை அதற்கே அனுப்புக என ரவுட்டரிற் கட்டளை எழுதின், மாணவனொருவன் தன் நூற்றொகுதியைத் தன் கணினியிலிருந்தே உலகுக்கு வழங்கலாம். திறந்த வாயில் தீயோர்க்கும் வாயிலாதலின் வேண்டிய துறையை மட்டும் திறத்தல் முறை.

2011 பெப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்து முகவரிகள் பகிர்ந்து முடிந்தன. அவ்வாண்டு ஏப்பிரலில், இலங்கை சார்ந்த ஆசிய பசிபிக் வட்டாரமும் பங்கீட்டு நிலையை அடைந்தது. ஆகவே சேவை வழங்குநர் பலர், பல இல்லங்களை ஒரே முகவரியின்கீழ் அடக்கினர். அதற்கென 2012இல் தனித் தொகுதியும் ஒதுக்கப்பட்டது. அந்நிலையில் வீட்டார் தம் ரவுட்டரில் எழுதும் கட்டளை பயன்படாது. புறவாயில் பிறர் கையிலுள்ளது.

1995இல் முதன்முதல் வரையறுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு நெறி 128 குறிகளை உடையது. ஒவ்வொரு பொறிக்கும் தனி முகவரி தர வல்லது. அது முற்றும் பரவாமையாற் குறுங்காலத்துக்கென வந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றது. இணையத்திற் பெறுவோராக மட்டுமன்றி வழங்குவோராகவும் இருக்க விரும்பும் இளைஞர், இவ்வேற்பாட்டின் இயல்பையும் எல்லையையும் உணர்தல் நன்று.