ஏகாரத்தின் தலைக்கோடு

நேமத்தான்பட்டி என்ற பெயரை ஒலி பிசகாமல் உரோமன் எழுத்தில் எழுத ஐந்து இடங்களில் குறி போட வேண்டும். ‘நே’, ‘தா’ இரண்டின் நெடிலுக்கும் தலைமேல் கோடு, னகரத்துக்கு அடியில் கோடு, இரண்டு டகரங்களுக்கும் அடியில் புள்ளி. இவற்றில் முதலாவது, அதாவது ஆங்கிலத்தில் ‘ஈ’ எனப்படும் எழுத்தின் தலையில் கிடக்கும் கோடு, தமிழின் தேவையோடு நெருங்கிய தொடர்புடையது.

எகரக் குறில் நெடில் சிக்கல் தமிழ் எழுத்துக்கும் இருந்ததுதான். தொல்காப்பியம் குறில்களான எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது. புள்ளி இல்லையென்றால் நெடில். ஓலையில் எழுதியவர்கள் நாளடைவில் புள்ளியையே கைவிட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று அதற்குக் காரணம் சொல்வதுண்டு. விளைவு, ‘நெ’யும் ‘நே’யும் ஒரே வடிவாயின, மெய்யெழுத்தும் புள்ளி இழந்தது. அக்கால வழக்கப்படி செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாருக்குரிய, காரைக்குடி வட்டாரத்து இந்த ஊரின் பெயர் ஓலையில் ‘நெமததானபடடி’ என்றே இருக்கும். ஊரைத் தெரிந்தவர் வாசித்துவிடுவார், மற்றவர் திணறுவார். ஒற்றைக் கொம்பைச் சுழித்து நெடிலுக்கு இரட்டைச்சுழிக் கொம்பு தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பது பொதுவான கருத்து.

உரோமானியரும் இதே வழியில் சென்றவர்களே. கல்வெட்டுகளில் நெடில் மேல் சாய்கோடு ஒன்றை வெட்டினார்கள். எல்லா இடத்திலும் வெட்டவில்லை. நேர்கோடு இடும் வழக்கம் பின்னாளில் இலத்தீன் அகராதிகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றது.

இந்தியப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுத ஒழுங்கான முறை ஒன்றை வில்லியம் ஜோன்ஸ் 1788இல் வெளியிட்டார். அவர் நெடிலுக்குச் சாய்கோட்டையே இட்டார். 1894இல் ஜெனீவாவில் கூடிய கீழைத்தேயவியல் மாநாட்டுக்குப் பின் நேர்கோடு அறிஞர்களிடையே பரவியது. ஆனால் அந்த முறை வடமொழியை மனத்தில் கொண்டது. வடமொழியில் எகரக் குறில் கிடையாது. ஏகாரம் எப்போதும் நெடில்தான். பிறகு அதற்கெதற்குக் கோடு? தமிழுக்கு அப்படி விட முடியாது. செடிக்கும் சேடிக்கும் வேறுபாடு காட்டியாக வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் உரோமன் வடிவம் தந்து, ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் கோடு இட்டது. பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961) அப்படியே செய்தது. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமுறை தென்னக மொழிகளையும் கணக்கில் கொண்டு ஏகாரத்துக்குக் கோட்டைச் சேர்த்தது.

கோடு ஒன்றுதான், வேலைகள் பல. லாத்விய மொழியில் அது நெடிலைக் குறிக்கிறது; அதிலும் இரண்டு விதமான ஏகாரத்துக்கு ஒரே எழுத்து. மாவோரியிலும் ஹவாய் மொழியிலும் நெடில்தான். 1958இல் சீனா ஏற்ற பின்யின் முறையில் மட்டும் கணக்கே வேறு: அங்கே கோடு நீட்டத்தைச் சொல்லாது, ஏறாமல் இறங்காமல் ஒலிக்கும் உயர்ந்த சுருதியைச் சொல்லும். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய சைகோனில் வழங்கிய வியட்நாமிய எழுத்தோ தலைக்கோட்டைத் தொடவே இல்லை. 1651இல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் த ரோட்சின் அகராதி அந்த எழுத்துமுறையின் தொடக்ககால அச்சுச் சான்று. அதில் உயிரெழுத்துக்குக் கூரை போன்ற குறி, அதற்கும் மேலே சுருதிக் குறி என்று அடுக்கு வளர்ந்தது.

கடல் கடந்த செட்டிநாட்டார் பெயர்கள் பயணம் செய்தது ஆங்கில எழுத்திலும் தட்டச்சிலும் தந்தியிலும். அங்கே கோட்டுக்கு இடமில்லை. சாதிப்பெயரே செட்டி, செட்டியார் என்று பல எழுத்துக்கூட்டல்களில் வழங்கியது. ஊர்ப்பெயரைக் குறியில்லாத ஆங்கிலத்தில் பார்த்து வெளியூர்க்காரர் ‘நெமதன்பட்டி’ என்று வாசித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

கோடு இல்லாமலே ஒலியைக் காட்டிவிடலாம் என்ற முயற்சி 2020 ஜூனில் நடந்தது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசின் ஆணை வெளிவந்தது. வேலூரின் நெடிலுக்கு ஆங்கில ‘ஈ’யை இரண்டு முறை போட்டார்கள், ஆங்கிலம் பழகிய கண் அதை ‘வீலூர்’ என்றே படித்தது. கேலியும் எதிர்ப்பும் எழ, அதே மாதம் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஏகாரத்தைக் குழப்பமின்றிக் காட்ட ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குள் வழியில்லை. யூனிகோடில் 0113 என்ற எண்ணில் தலைக்கோட்டு எழுத்து இருந்தும், தமிழ்ப் பெயர்களுக்கு அது நூலகப் பட்டியல்களிலும் மொழியியல் நூல்களிலும்தான் புழங்குகிறது.