இந்தியக் கடிகாரத்தில் அந்த அரை மணி எப்படி வந்தது?

கிரீன்விச் நேரப்படி நண்பகல் 12 மணியாகும்போது டாக்காவில் மாலை 6 மணி. டோக்கியோவில் இரவு 9 மணி. உலகின் பெரும்பாலான நாடுகளில் மணி மாறுமேயன்றி நிமிட முள் மாறுவதில்லை. இந்தியாவிலோ அப்போது மாலை 5.30 மணி. இந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது; ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வரும். கடிகாரங்கள் பரவிய காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் உச்சிப்பொழுதையே 12 மணியாகக் கொண்டது. அந்தக் கணக்கில் கிரீன்விச்சுக்குப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும், மதராஸ் 5 மணி 21 நிமிடமும், கல்கத்தா 5 மணி 54 நிமிடமும் முந்தியிருந்தன. மாட்டுவண்டியில் பயணம் செய்தவரை இந்த வேறுபாடு எவரையும் வருத்தவில்லை.

இருப்புப்பாதை வந்ததும் நிலைமை மாறியது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் கால அட்டவணை போட முடியாது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு அது உயிராபத்தும்கூட. எனவே 1870 வாக்கில் இரயில்வே 'மதராஸ் நேர'த்தைப் பொது நேரமாக ஏற்றது.

தலைநகர் கல்கத்தாவாக இருக்க, மதராஸ் ஏன்? காரணங்கள் இரண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைத்த வானாய்வகம் அங்கு இருந்தது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இலேயே மதராஸ் நேரத்தை வரையறுத்திருந்தார். மற்றொன்று, நிலப்படத்தின் தற்செயல்: மதராஸ் பம்பாயை விட 30 நிமிடம் முந்தியது, கல்கத்தாவை விட 33 நிமிடம் பிந்தியது. இரு பெருநகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் விழுந்த நேரம் அது.

1884-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது. அதன்பின், 5 மணி 21 நிமிடம் போன்ற உதிரி நிமிடங்கள் இடையூறாகத் தோன்றின. முழு மணியைத் தேர்ந்தால் 75 பாகைக் கோட்டையோ (5 மணி) 90 பாகைக் கோட்டையோ (6 மணி) கொள்ளவேண்டும். முன்னது மேற்கே ஒதுங்கியது, பின்னது கிழக்கே ஒதுங்கியது. இரண்டுக்கும் நடுவே, மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைக் கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. அரை மணியின் மர்மம் இவ்வளவுதான். 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது.

கணக்கு எளிதாக முடிந்தது. மக்கள் ஏற்பது எளிதாக இல்லை. பம்பாய்க் கடிகாரங்கள் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. ஆலைத் தொழிலாளி நேற்றுவரை எழுந்த பொழுதைவிட 39 நிமிடம் முன்னதாக, இருட்டிலேயே எழவேண்டும் என்பது அதன் பொருள். ஜனவரி 5 அன்று பம்பாயில் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திக் கலகம் செய்தனர். வங்கப் பிரிவினையால் நாடே கொதித்திருந்த வேளையில், அந்நிய அரசு சூரியனையும் மாற்றுகிறது என்ற சினம் படித்தவரிடையேயும் பரவியது. பம்பாய் மாநகராட்சி தன் பழைய நேரத்தை விடவில்லை. இரயில் நிலையத்தில் ஒரு நேரம், நகராட்சிக் கடிகாரத்தில் வேறு நேரம் என்ற நிலை விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது. கல்கத்தா 1948 வரை தன் நேரத்தைக் காத்தது. மதராஸுக்கு மாற்றம் 9 நிமிடமே. அங்கு பூசல் எழாததில் வியப்பில்லை.

அந்த நடுக்கோட்டின் சுமையை இன்று உணர்வது வடகிழக்கு. குஜராத்தின் மேற்கு எல்லைக்கும் அருணாசலத்தின் கிழக்கு எல்லைக்கும் இடையே ஏறத்தாழ 29 பாகை. சூரியக் கணக்கில் இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்தில் திப்ரூகரில் காலை 4.30-க்கு முன்பே கதிரவன் உதிக்க, துவாரகையில் 6 மணிக்குப் பிறகே உதிக்கிறது. டிசம்பரிலோ திப்ரூகரில் மாலை 4.30-க்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அலுவலகங்கள் நாடெங்கும் ஒரே மணிக்குத் திறப்பதால், அங்கே காலை ஒளி வீணாகிறது. மாலை வேலை விளக்கொளியில் நடக்கிறது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதற்கு அன்றே மாற்று கண்டனர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களின் 'பாகான் நேரம்' திட்ட நேரத்தைவிட ஒரு மணி முந்தியது.

தனி நேர மண்டலம் கோரிய மனுவைக் குவாஹாட்டி உயர்நீதிமன்றம் 2017-இல் ஏற்கவில்லை. நாட்டின் நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்களே 2018-இல் இரண்டு மண்டலங்களை முன்மொழிந்தனர். அதற்கு எதிராகக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, எல்லையில் நேரம் மாறுகையில் இரயில் விபத்து நேரலாம் என்னும் அச்சம்.

ஆக, ஊர்தோறும் வாழ்ந்த நேரங்களை ஒன்றாக்கியதும் இருப்புப்பாதையே. இரண்டாவது நேரம் பிறப்பதைத் தடுத்து நிற்பனவற்றுள் ஒன்றும் அதுவே. பம்பாய்த் தொழிலாளியின் 39 நிமிடத்தை வரலாறு மறந்துவிட்டது. திப்ரூகர் மாணவனின் இருண்ட மாலைக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.