திருவக்கரை கல்மரம் முதல் நிலவின் மண் வரை

மனிதன் பார்க்காத காலத்தில் ஒரு நிலத்தில் என்ன நடந்தது? பூமியானாலும் செவ்வாயானாலும் நிலவானாலும் அதற்குச் சாட்சிகள் இரண்டுதான்: நிலத்தின் வடிவம், கல்லில் உள்ள கனிமம். இவற்றை வாசிக்கும் முறையை நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கற்கலாம்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகச் சென்றால் திருவக்கரை. இங்குள்ள கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையானவை. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சோனேரா 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பதிவு செய்தார். மண்ணில் புதைந்த மரங்களுக்குள் நிலத்தடி நீர் ஊறியது. அதில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்தது. மரம் போனது, அதன் ரேகை கல்லில் நின்றது. இந்த மரங்களில் கிளையும் இல்லை, இலையும் இல்லை, வேரும் இல்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து சேர்த்தவை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இதே வாசிப்பு முறைதான் செவ்வாயிலும் பயன்பட்டது. 2012-ல் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே உருண்டையான கூழாங்கற்களைக் கண்டது. ஓடும் நீரில் உருளாமல் கல் அப்படித் தேயாது. இன்று வறண்டு கிடக்கும் அந்நிலத்தில் ஒரு காலத்தில் ஓடை ஓடியது என்பது அதனால் தெரிந்தது.

அடுத்து செஞ்சி மலை. பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெதுவாக ஆறியதால் கருங்கல்லில் பெரிய படிகங்கள் உருவாயின. ஆழத்தில் பிறந்த கல் இன்று வெயிலில் நிற்கிறது என்றால், மேலே மூடியிருந்த பாறை அத்தனையும் அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். வெடிப்புகளில் நீர் இறங்கி முனைகளை முதலில் தின்றதால் பாறைகள் உருண்டையாகின.

நிலவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே கனிமமே பேசுகிறது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவப் பகுதியில் இறங்கியது. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் நகர்ந்து மண்ணைச் சோதித்தது. அனார்த்தசைட் வகைப் பாறையின் கூறுகள் அதில் இருந்ததாக 2024-ல் முடிவு வெளியானது. நிலவு ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது, எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து ஓடாக இறுகின என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடியாக்கித்தான் இஸ்ரோ சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தது.

நிலவின் ஒரு பிடி மண்ணுக்காக இத்தனை உழைக்கிறோம். நம் ஊர்க் குன்றுகளையோ கல்குவாரிகளில் வெடி வைத்து ஜல்லியாக்குகிறோம். கட்டடத்துக்குக் கல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உடைத்த பாறையை யாரும் மறுபடி வாசிக்க முடியாது. திருவக்கரையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். நினைவுக்கென்று ஒரு துண்டுகூட எடுத்து வர வேண்டாம் என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.