எழுத்தில் விடுபட்ட ஒரு பெயர்: பெருபாரி முதல் தீன் பிகா வரை

கச்சத்தீவு வழக்குகள் பற்றிய செய்திகளைப் படிப்போருக்குப் ‘பெருபாரி’ என்னும் பெயர் புதிதன்று. நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுப்பதாயின் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1960இல் கருத்துரைத்தது இவ்வூரை முன்னிட்டே. ஆயினும் அது எங்கிருக்கிறது, அங்கே என்ன நேர்ந்தது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரிக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தபோது அவ்வூரையும் கண்டுவரப் புறப்பட்டோம்.

கண்ணுக்கு விந்தையாக அங்கே ஏதுமில்லை. நெல்வயல், மூங்கிற்புதர், பாக்குமரங்கள், வீட்டுக்கொரு சிறு குளம். விந்தையெல்லாம் காகிதத்தில்தான்.

இந்தியாவை அதற்கு முன் கண்டறியாத சர் சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்று வந்திறங்கினார். பஞ்சாபையும் வங்கத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். ஜல்பாய்குரி மாவட்டத்தைத் தாணா எல்லைகளை, அதாவது காவல் நிலைய எல்லைகளைப் பின்பற்றி அவர் கூறுபோட்டார். பச்சாகர் தாணாவுக்கும் ஜல்பாய்குரி தாணாவுக்கும் இடைப்பட்ட எல்லை வழியே கோடு சென்று, தேவிகஞ்ச் தாணாவின் வடமூலையை ஒட்டிக் கூச்பிகார் சமஸ்தானத்தை அடையும் என்று எழுதினார். பச்சாகருக்கும் தேவிகஞ்சுக்கும் நடுவே போதா என்றொரு தாணா உண்டு. அதன் பெயர் விடுபட்டுப் போயிற்று. வரைபடமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்றும் அவரே குறித்திருந்தார். அந்த எழுத்திலோ நடுவில் ஓர் ஓட்டை! கைமாற்றுக் கடனையும் சாட்சிகளோடு எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒரு சொல் விடுபடுவதன் விலை நமக்கு விளங்காததன்று.

அந்த ஓட்டைக்குள் அகப்பட்டதே பெருபாரி ஒன்றியம் எண் 12. பரப்பு 8.75 சதுர மைல். மக்கள் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர். இந்தியாவின் ஆளுகையில் இருந்த அதனை 1952இல் பாகிஸ்தான் தனதென்றது. 1958இல் நேருவும் பிரோஸ்கான் நூனும் ஒன்றியத்தை இரு பாதியாக்கிப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டனர். மேற்கு வங்கம் கொதித்தெழுந்தது. உச்ச நீதிமன்றக் கருத்துரையை அடுத்து ஒன்பதாவது திருத்தம் நிறைவேறியும் பங்கீடு நடைபெறவில்லை.

வங்கதேசம் பிறந்தபின், 1974 மே மாதம் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் வேறொரு வழி கண்டனர். பெருபாரியின் தென்பாதி இந்தியாவிடமே இருக்கும்; ஈடாகத் தஹகிராம், அங்கர்போட்டா ஆகிய ஊர்கள் வங்கதேசத்திடமே இருக்கும். இவ்விரு ஊர்களும் நாற்புறமும் இந்திய மண் சூழ்ந்தவை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. ஆகவே தாய்நாட்டோடு அவற்றை இணைக்க 178 மீட்டர் நீளமும் 85 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தை இந்தியா நிரந்தரக் குத்தகைக்கு விடும். அதுவே தீன் பிகா. பெயரைக் கேட்டதும் நமக்கு மார்க்கம் நினைவுக்கு வரலாம். இங்கே தீன் என்பது மூன்று, பிகா என்பது நில அளவை. (அடுத்த மாதமே கச்சத்தீவு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.)

எழுதியது 1974இல், வாயில் திறந்தது 1992 ஜூன் 26 அன்று. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும் வழக்கும் எதிர்ப்புமாகக் கழிந்தன. எதிர்த்தவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. அத்துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டால் அப்பாலுள்ள இந்தியக் குச்லிபாரி மக்கள் துண்டிக்கப்படுவரோ என்பது அவர்களது அச்சம். திறந்த பின்பும் பகலில் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரமே வழி கிடைத்தது. பிற்பாடு பகல் முழுவதும் திறந்தனர், இரவில் அடைத்தனர். மஃரிபுக்குப் பின் பிரசவ வலி கண்டவளும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரும் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேர வழி 2011இல்தான் வாய்த்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் 111 இந்தியத் திட்டுகளும் 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறியபோதும் தஹகிராம் மாறவில்லை. அதற்குத்தான் முன்பே வழி இருந்ததே.

மேக்ளிகஞ்சிலிருந்து நாங்கள் தீன் பிகாவை அடைந்தபோது அஸ்ர் நேரம். இந்தியச் சாலை தெற்கு வடக்காகவும், வங்கதேசத்தார் செல்லும் சாலை கிழக்கு மேற்காகவும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நடுவில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்கின்றனர். சந்தைச் சாக்குகளைக் கட்டிய மிதிவண்டிகளும், பள்ளிப் பிள்ளைகளும், புர்கா அணிந்த ஒரு மூதாட்டியை ஏற்றிய மூன்றுசக்கர வண்டியும் எம்மைக் கடந்து போயின. நின்று நோக்கியவர்கள் நாங்கள் மட்டுமே.

சிறிது நேரத்தில் தஹகிராம் பக்கத்திலிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. கடவுச்சீட்டு இருந்தாலும் இவ்வழியே அப்பள்ளிக்கு நாங்கள் போக இயலாது. இப்பாலேயே சாலையோரத்தில் விரிப்பை விரித்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது வாயில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.