கவசம் வந்த வழி

கிரேக்க நாட்டின் ஆர்கோஸ் சமவெளியில், பண்டைய நகரமான மைசீனேவுக்குத் தென்கிழக்கே, டெண்ட்ரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1960 மே மாதம் அங்கே பாறையைக் குடைந்து அமைத்த ஒரு கல்லறைக்குள் தொல்லியலாளர்கள் ஒரு முழு வெண்கலக் கவசத்தைக் கண்டார்கள். கிரேக்கரான நிக்கோலாஸ் வெர்டெலிஸும் சுவீடனைச் சேர்ந்த பால் ஆஸ்ட்ரோமும் சேர்ந்து நடத்திய அகழாய்வு அது. கவசத்தின் காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டின் இறுதி. ஐரோப்பாவில் இவ்வளவு முழுமையாகக் கிடைத்த உடற்கவசங்களில் மிகப் பழையது இதுதான்.

அதைச் செய்த பட்டறை எங்கே இருந்தது, கொல்லர் பெயர் என்ன என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் உலோகம் வந்த பாதையை ஓரளவு சொல்லலாம். வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும், ஏறக்குறைய ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு. செம்பு மத்தியதரைக் கடல் வட்டாரத்திலேயே கிடைத்தது. வெள்ளீயம் அங்கே மிக அரிது. பெரும்பாலும் வெகுதூரத்திலிருந்து பல கை மாறித்தான் வர வேண்டியிருந்தது. துருக்கிக் கரையோரம் உலுபுருன் முனையில் மூழ்கிக் கிடந்த ஒரு சரக்குக் கப்பலை 1982இல் கண்டுபிடித்தார்கள். அதில் சுமார் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன, ஏறக்குறைய வெண்கலம் உருக்கத் தேவையான அதே விகிதத்தில். இந்தக் கவசம் மண்ணுக்குள் போய் ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு மூழ்கிய கப்பல் அது. என்றாலும் ஒரு கிரேக்கக் கொல்லரின் உலைக்கு உலோகம் எத்தனை கடலைத் தாண்டி வந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

உருக்கி வார்த்த கட்டியை அடித்து அடித்துத் தகடாக்கினார்கள். கவசத் தகட்டின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். இன்று நகல் செய்பவருக்கு ஆலையில் உருட்டிய சீரான தகடு கிடைத்துவிடுகிறது. அந்தக் கொல்லருக்குக் கையும் சுத்தியலும் கண்ணும்தான். கன்னார் தெருவில் அண்டா தட்டுகிறவருக்கு இந்த வேலையின் சங்கடம் உடனே புரியும். தட்டத் தட்ட உலோகம் இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் அடித்தால் விளிம்பில் கீறல் விழும். அதற்கு முன்பே தகட்டை மங்கிய சிவப்பாகும்வரை நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். சிவந்த நிலையிலேயே அடித்தாலும் வெண்கலம் வெடிக்கக்கூடும், ஆறவிட்டுத்தான் அடுத்த அடி. இரும்பைப் போலத் தண்ணீரில் தோய்த்தால் விறைக்கும் என்ற பயம் இல்லை, வெண்கலம் தோய்த்தாலும் இளக்கமாகவே இருக்கும். ஆகவே தட்டுவது, காய்ச்சுவது, ஆற்றுவது, மறுபடி தட்டுவது என்று நாள் போகும். கடைசிச் சுற்றில் மட்டும் காய்ச்சாமல் விட்டுவிட வேண்டும். தட்டி இறுகிய அந்த விறைப்புதான் ஈட்டி முனையைத் தாங்குவது. எங்கே நிறுத்துவது என்பதைச் சுத்தியல் எழுப்பும் ஒலியும், அது கைக்குள் திருப்பி அடிக்கும் அதிர்வும் சொல்லும்.

டெண்ட்ராக் கவசத்தின் உயர்வு அதன் தகட்டைவிட அதன் பொருத்தலில் இருக்கிறது என்பது என் எண்ணம். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு பெரிய தகடுகள், இடப்பக்கம் கீல் போட்டு இணைத்தவை. தோளுக்கு மேல் அகன்ற காப்புகள். கையைத் தூக்கும்போது அக்குள் திறந்துகொள்ளுமே என்று, அந்த இடத்தை மறைக்கத் தோள்காப்போடு சேர்த்த முக்கோணத் துண்டுகள். தாடைவரை எழும் கழுத்து வளையம். இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும் மூன்று இணைப் பட்டைகள். மொத்தம் 15 துண்டுகள், தோல்வாரால் தளர்வாகக் கட்டியவை. உள்ளே தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். கணைக்கால் காப்பு, முன்கைக் காப்பு, காட்டுப்பன்றிக் கொம்பைச் சீவி அடுக்கிய தலைக்கவசம் ஆகியவற்றின் மிச்சங்களும் கல்லறையில் கிடைத்தன. அந்த அக்குள் துண்டு சாதாரண விஷயமில்லை. கையை ஓங்கும் ஒரு மனிதனை மனதில் வைத்து, அவன் உடம்பு எங்கெல்லாம் திறந்துகொள்ளும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது.

இத்தகைய கவசம் ஒரு காலத்தில் நிறையவே இருந்திருக்க வேண்டும். கிரீட் தீவில் நோசோஸ் அரண்மனைக் களிமண் ஏடுகளில், வீரர்களுக்குத் தேர், குதிரை, கவசம் வழங்கிய கணக்கு இருக்கிறது. கவசத்தைக் குறிக்க ஒரு சிறிய படமே வரைந்திருக்கிறார்கள். சில ஏடுகளில் அந்தக் கவசப் படத்தை அழித்துவிட்டு, அதே இடத்தில் உலோகக் கட்டியின் படத்தை எழுதியிருக்கிறார்கள். கவசத்துக்குப் பதில் அதற்கீடான உலோகம் போயிருக்கலாம். எப்படியானாலும் அரண்மனைக் கணக்கருக்குக் கவசமும் கட்டியும் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய பொருள்கள்தான் என்று தெரிகிறது. மற்ற கவசங்கள் ஏன் இப்படி முழுமையாக நம் கைக்கு வரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பழசானது, நசுங்கியது, தோற்றவனிடமிருந்து கழற்றியது எல்லாம் மறுபடி உலைக்குப் போயிருக்கும். டெண்ட்ராவில் மட்டும் யாரோ ஒரு குடும்பம் இத்தனை கிலோ வெண்கலத்தை இறந்தவரோடு மண்ணுக்குள் விட்டுவிட மனம் வைத்தது. அதனால்தான் அது பிழைத்தது.

இன்று அது நாஃப்பிளியோ தொல்லியல் அருங்காட்சியகத்தில் பச்சைக் களிம்பேறி நிற்கிறது. எடை 15 முதல் 18 கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். கண்டெடுத்த நாளிலிருந்தே இதைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. இந்தக் குழாய்க்குள் நுழைந்த மனிதன் நடக்க முடியுமா? சடங்குக்காகச் செய்ததாக இருக்கலாம், அல்லது தேர்மேல் நின்றபடி அணிந்திருக்கலாம் என்றெல்லாம் பேசினார்கள். பார்வைக்கு நியாயமான பேச்சுதான். ஆனால் அசலை ஒருவர் மேல் மாட்டிப் பார்க்க வழியில்லை, அரித்துப்போன தகடு தாங்காது.

இங்கேதான் நகலின் கதை தொடங்குகிறது. இங்கிலாந்தில் பர்மிங்காமின் போர்ன்வில் கலைக் கல்லூரியில் 1980களில் இந்தக் கவசத்தைத் திரும்பச் செய்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களான கென் வார்டில், டயானா வார்டில் இருவரும் அந்த நகலிலிருந்து கிடைத்த பாடத்தை முக்கியமாகக் கருதினார்கள். வெளித்தோற்றத்தில் விறைத்து நிற்கும் இந்தக் கவசம், தரையில் நின்று போரிடுபவனின் ஏறக்குறைய எல்லா அசைவுக்கும் இடம் கொடுக்கிறது என்பதே அவர்கள் கண்டது. தோல்வாரைத் தளர்வாகக் கட்டியதன் காரணம், கட்டி அணிந்த பிறகுதான் தெரியும். படத்தில் பார்க்கும்போது வெறும் ஓட்டையாகத் தெரிவது, அணிந்த உடம்பில் தோள் சுழல்வதற்கான இடமாகிறது.

அந்த விசாரணையைத் தெசாலிப் பல்கலைக்கழகத்தின் உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஃப்ளூரிஸ் தலைமையிலான குழு இன்னும் வெகுதூரம் கொண்டுபோனது. வார்டில் இணையரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2024 மே மாதம் ‘ப்ளோஸ் ஒன்’ ஆய்விதழில் முடிவு வந்தது. கிரேக்கப் படையின் மரைன் பிரிவைச் சேர்ந்த 13 வீரர்கள், அசலின் அளவில் செய்த நகலை அணிந்து, 11 மணி நேரம் போரிடுவது போன்ற பயிற்சியைச் செய்தார்கள். பயிற்சியின் வரிசையை கிரேக்கக் காப்பியமான இலியட்டில் வரும் போர்க் காட்சிகளைக் கொண்டு வகுத்திருந்தார்கள். சாப்பாடும் அக்காலத்தது போலவே: ரொட்டி, மாட்டிறைச்சி, ஆட்டுப்பாலில் செய்த சீஸ், பச்சை ஆலிவ், வெங்காயம், சிவப்பு ஒயின். கவசமும் மற்றவையும் சேர்ந்த 23 கிலோவுக்கு மேற்பட்ட சுமையோடு வெறுங்காலில் ஓடியதில் பாதமும் தோளும் வலித்தன. சோர்ந்தார்கள். ஆனால் யார் உடலுக்கும் ஆபத்து நேரவில்லை. வெயிலையும் வேறு சூழல்களையும் கணக்கிட ஒரு மென்பொருளும் எழுதி, அதை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

இந்த முடிவை அளவறிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இலியட் எழுத்தில் நின்றது இந்தக் கவசத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பாடு. ஆகவே டெண்ட்ராக்காரர் அந்த வரிசையில்தான் போரிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. போரிட்டிருக்க முடியும் என்பது மட்டுமே நிரூபணமானது. என் பார்வையில் அதுவே பெரிய விஷயம். நகல் என்றால் அசலுக்கு ஒரு படி கீழ் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தக் கவசத்தைப் பற்றி அசல் சொல்ல முடியாததை நகல்தான் சொல்லியிருக்கிறது, அதுவும் வியர்த்த உடம்புகளின் மேல் நின்று.

அடுத்துச் செய்ய வேண்டியதும் தெளிவாகவே தெரிகிறது. ஆலைத் தகட்டை விட்டுவிட்டு, செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த கட்டியிலிருந்தே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுத்தியலால் அடித்து இறக்கி, 15 துண்டுகளையும் யாராவது கையால் செய்து பார்க்க வேண்டும். எத்தனை கூடைக் கரி எரிகிறது, எத்தனை தகடு பாதியில் கீறி உலைக்குத் திரும்புகிறது, ஒரு கொல்லருக்கு எத்தனை மாதம் ஆகிறது என்ற கணக்கு கிடைத்தால், நோசோஸ் ஏட்டில் கவசத்தை அழித்துக் கட்டியை எழுதிய அந்தக் கணக்கர் எதை எதற்கு ஈடு வைத்தார் என்பதையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.